அக்கா மகனுக்குத் தசைச்சிதைவு நோய். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது

கேள்வி: எனக்கு 25 வயது. ஈரோடு பக்கம் ஒரு கிராமம். அக்காவுக்கு ஒரே மகன், இப்போது 6 வயது. மூன்றரை வயதிலிருந்தே அடிக்கடி விழுவான், படி ஏறத் திணறுவான். முதலில் ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அதிகம் என்று சொன்னார்கள். கல்லீரல் கோளாறு என்று நினைத்து ஒரு வருடம் மருந்து கொடுத்தோம். அப்புறம் இன்னொரு டாக்டர் சி.பி.கே. பார்க்கச் சொன்னார். 14,000 வந்தது. மரபணுப் பரிசோதனையில் டியூஷென் தசைச்சிதைவு நோய், எக்ஸான் 45 முதல் 50 வரை இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அக்காவின் மாமியார் ‘இது உங்க வீட்டு வியாதி’ என்று தினமும் சொல்லிக் காட்டுகிறார். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம், போலியோ வந்து 16 வயதில் இறந்துவிட்டாராம். வேறு யாருக்கும் எதுவும் இல்லை. வரும் வைகாசியில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை என் சொந்தத் தாய்மாமன் மகன். ‘சொந்தத்தில் கட்டினால் இந்த நோய் கட்டாயம் வரும்’ என்று தோழி சொல்கிறாள். நானாகவே போய் சி.பி.கே. பார்த்தேன், நார்மல். அப்படியானால் எனக்குப் பயமில்லைதானே? கல்யாணத்துக்கு முன் வேறு டெஸ்ட் எடுக்க வேண்டுமா? மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா? கல்யாணம் முடியும்வரை மூச்சு விடாதே என்கிறார் அம்மா. அக்காவுக்கும் இப்போது இரண்டு மாதம், அதனால் அவளிடம் எதுவும் கேட்க முடியவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கேள்விகள் அத்தனைக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கடைசியாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அக்காவுக்கு இரண்டு மாதம். உங்கள் கல்யாணத்துக்கு நாள் இருக்கிறது, உங்கள் பரிசோதனையை அடுத்த மாதம் செய்தாலும் குடி முழுகாது. அக்காவுக்கு அப்படி இல்லை. இந்த வாரமே அவர் ஒரு மரபியல் ஆலோசகரையோ கருவளர்ச்சி மருத்துவ நிபுணரையோ பார்த்தாக வேண்டும். முடிவு எதுவானாலும் அவருடையது. ஆனால் முடிவெடுக்கக் காலம் இருக்கிறது என்பதே தெரியாமல் அது கடந்துபோய்விடக் கூடாது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். தசை சுருங்கி விரியும்போது தசைச் செல்லின் சுவர் கிழியாமல் காக்கும் புரதத்துக்கு டிஸ்ட்ரோபின் என்று பெயர். அதை உண்டாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மனித மரபணுக்களிலேயே மிக நீளமானவற்றில் ஒன்று இது. 79 எக்ஸான்கள், அதாவது துண்டுகள், கொண்டது. இவ்வளவு நீளமாக இருப்பதால் இதில் பிழை நேரவும் வாய்ப்பு அதிகம். உங்கள் அக்கா மகனுக்கு நடுவில் ஆறு எக்ஸான்கள் விடுபட்டிருக்கின்றன, அதனால் அந்தப் புரதம் உருவாகவே இல்லை. தசைச் செல்கள் கிழிந்து, உள்ளே இருக்கும் சி.பி.கே. என்ற நொதி ரத்தத்தில் கலக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் தசையிலும் உண்டு, கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல. அதனால்தான் அவையும் ஏறிக் காட்டின. இந்த நோயுள்ள பல பிள்ளைகள் இப்படித்தான் மாதக்கணக்கில் கல்லீரல் மருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். விழுந்து விழுந்து எழும் ஆண் குழந்தைக்கு இந்த இரண்டும் அதிகமாக இருந்தால் உடனே சி.பி.கே. பார்க்க வேண்டும் என்பதை இதைப் படிக்கும் மற்ற பெற்றோர்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்து வருவது. பெண்களுக்கு இரண்டு. தோட்டத்துக் கிணற்றில் இரண்டு மோட்டார் இருந்தால் ஒன்று பழுதானாலும் தண்ணீர் வரும், ஒன்றே ஒன்று இருந்து அதுவும் பழுதானால் வராது. அதனால் பிழையுள்ள மரபணுவைச் சுமக்கும் பெண்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறார்கள். அவர்களைத்தான் கேரியர் என்கிறோம். ஒரு கேரியர் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தால் அவனுக்கு நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண் குழந்தை பிறந்தால் அவள் கேரியராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குழந்தை ஆணா பெண்ணா என்று தெரியாத நிலையில் மொத்தமாகச் சொன்னால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள மகன் பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது’ என்று உறவினர்கள் ஆறுதலாகச் சொல்வார்கள். அது சரியல்ல. முதல் குழந்தைக்கு என்ன ஆனது என்பது அடுத்த கர்ப்பத்தின் கணக்கைத் துளியும் மாற்றாது.

இனி அக்கா விஷயம்.

இந்த நோய் வந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அது புதிதாக ஏற்பட்ட பிழை. அம்மாவின் ரத்தத்தில் இருக்காது. மீதி மூன்றில் இரண்டு பங்கினரின் அம்மாக்கள் கேரியர்கள். அக்கா எந்தப் பக்கம் என்பது ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆனால் அவர் ரத்தத்தில் பிழை இல்லை என்று வந்தாலும் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பரிசோதனை வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. சில பெண்களுக்கு ரத்தத்தில் பிழை இருக்காது, சினைப்பையில் உள்ள சில கருமுட்டைகளில் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட தாய்மார்களுக்கு இரண்டாவது மகனும் இந்த நோயோடு பிறந்ததுண்டு. அதனால் நோயுள்ள பிள்ளையைப் பெற்ற எந்தத் தாய்க்கும், ரத்த முடிவு எப்படி இருந்தாலும், அடுத்த கர்ப்பத்தில் பரிசோதனை வாய்ப்பை நாங்கள் எடுத்துச் சொல்வோம்.

அந்தப் பரிசோதனை 11 முதல் 13 வாரத்துக்குள் செய்யப்படுவது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி மூலம் நஞ்சுக்கொடிப் பகுதியிலிருந்து சிறு துணுக்கு எடுப்பார்கள். குழந்தையைத் தொடுவதில்லை. கருக்கலைந்துபோகும் ஆபத்து உண்டு, அனுபவமுள்ள கைகளில் அது நூற்றில் ஒன்றுக்கும் கீழே. அந்தத் துணுக்கில் 45 முதல் 50 வரையிலான எக்ஸான்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். துணுக்கோடு தாயின் செல் கலந்துவிட்டால் முடிவு தவறாகும் என்பதால் அக்காவின் ரத்தத்தையும் கேட்டு வாங்கி ஒப்பிடுவார்கள். 13 வாரம் தாண்டிவிட்டால் 16 வாரத்தையொட்டிப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம், ஆனால் முடிவு அதற்கேற்பத் தள்ளிப்போகும். பையனின் ரிப்போர்ட் கையில் இருப்பது உங்கள் குடும்பத்துக்கு நல்ல காலம். எதைத் தேட வேண்டும் என்று ஆய்வகத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பிழை எதுவென்று தெரியாமல் கர்ப்பத்தோடு வருபவர்களுக்கு முதலில் மூத்த பிள்ளையின் பரிசோதனையை முடிக்கவே வாரக்கணக்கில் ஆகிவிடும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் பலர் பயந்து பின்வாங்குகிறார்கள். 1994-ஆம் ஆண்டின் கருவறிதல் முறைச் சட்டம் குழந்தையின் பாலினத்தைச் சொல்வதைத்தான் தடை செய்கிறது. பாலினத்தோடு இணைந்து வரும் மரபு நோய்களுக்காகப் பதிவு பெற்ற மையத்தில் பரிசோதனை செய்வதை அதே சட்டம் அனுமதிக்கிறது. நோய் இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்வார்கள். ஆணா பெண்ணா என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. சில குடும்பங்கள் எங்கேயோ திருட்டு ஸ்கேன் எடுத்து, ஆண் என்றாலே கலைத்துவிட நினைக்கின்றன. இது குற்றம். கேரியர் பெண்ணின் மகன்களில் பாதிப்பேர் முழு ஆரோக்கியத்தோடு பிறப்பவர்கள் என்பதையும் மறந்து செய்யும் காரியம்.

முடிவு பாதகமாக வந்தால், கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது அக்காவின் தீர்மானம். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, குறிப்பிட்ட சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம். 18 வயது நிறைந்த பெண்ணுக்குச் சட்டப்படி தேவைப்படுவது அவருடைய சம்மதம் மட்டுமே. கணவர் கையெழுத்தோ மாமியார் கையெழுத்தோ சட்டம் கேட்பதில்லை. கணவரோடு பேசித் தீர்மானிப்பது நல்லது, அது வேறு. ஆனால் அக்காவை யாரும் ‘கலை’ என்றோ ‘கலைக்காதே’ என்றோ நெருக்க முடியாது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அக்காவிடம் இதைப் பேசும்போது அவர் கோபப்படலாம், எழுந்து போய்விடலாம். வயிற்றில் இருப்பதைப் பரிசோதிப்பது என்பது, கண்முன்னே விளையாடிக்கொண்டிருக்கும் மகனை ‘நீ பிறந்திருக்க வேண்டாம்’ என்று சொல்வதைப் போலப் பல தாய்மார்களுக்குத் தோன்றும். என்னிடம் வரும் தாய்மார்கள் இதை வாய்விட்டுச் சொல்ல இரண்டாவது, மூன்றாவது சந்திப்பு வரை ஆகிறது. மகன் மீது இருக்கும் அன்பும், இன்னொரு பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் வேண்டாம் என்ற நினைப்பும் ஒரே தாய்க்குள் சேர்ந்தே இருக்கும். ஒன்று பொய், மற்றது உண்மை என்று இல்லை. பரிசோதனையே வேண்டாம், எது வந்தாலும் வளர்ப்பேன் என்று அவர் சொன்னால் அதுவும் முறையான முடிவுதான். நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவே: ‘அக்கா, 11 வாரத்தில் ஒரு டெஸ்ட் இருக்கிறதாம். செய்வதும் செய்யாததும் உன் இஷ்டம். ஆனால் இந்த வாரம் போய் ஒரு தடவை கேட்டுவிட்டு வரலாம். நானும் கூட வருகிறேன்.’ கர்ப்பிணியிடம் கெட்ட விஷயம் பேசக் கூடாது என்று வீட்டில் தடுப்பார்கள். ஆறு வயது மகனைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறவருக்கு இது புதிய செய்தி அல்ல. இதைத் தனியாக நினைத்துக்கொண்டுதான் இருப்பார்.

இனி உங்களுக்கு வருவோம். சி.பி.கே. நார்மல் என்பதை வைத்து நீங்கள் கேரியர் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. அதிகமாக இருந்தால் சந்தேகம் வலுக்கும், அவ்வளவுதான். கேரியர் பெண்களில் கணிசமானவர்களுக்கு அது நார்மலாகவே இருக்கும். இந்த ஒரு பரிசோதனையை நம்பிக் கல்யாணம் செய்து, பிறகு பாதிக்கப்பட்ட மகனோடு வந்த பெண்கள் இருக்கிறார்கள். உங்களுக்குத் தேவை எம்.எல்.பி.ஏ. என்ற பரிசோதனை. அது ஒவ்வொரு எக்ஸானும் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும். உங்களுக்கு 45 முதல் 50 வரை இரண்டிரண்டு பிரதிகள் இருந்தால் நீங்கள் கேரியர் இல்லை. ஒன்று மட்டும் இருந்தால் கேரியர். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை, ஊதா மூடி போட்ட குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் போதும். செலவு சில ஆயிரம் ரூபாய். பையனின் ரிப்போர்ட் நகல் மட்டும் கட்டாயம் கூட இருக்க வேண்டும். அது அக்காவின் மகனுடைய மருத்துவ விவரம், அக்காவின் அனுமதியோடு வாங்குங்கள்.

பரிசோதனைக்கு முன்பே உங்கள் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால், அது உங்கள் சின்ன மாமாவைப் பொறுத்திருக்கிறது. ‘போலியோ வந்து 16 வயதில் இறந்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் நடக்க முடியாத பிள்ளைகளுக்கெல்லாம் போலியோ என்றே பெயர். குடும்ப வரைபடம் போடும்போது நாங்கள் இந்தச் சொல்லைக் கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேலும் விசாரிப்போம். போலியோ என்றால் திடீரென்று காய்ச்சல் வந்திருக்கும், சில நாட்களில் கால் விழுந்திருக்கும். பெரும்பாலும் ஒரு கால் மட்டும் சூம்பியிருக்கும், அப்புறம் பல வருடம் அதே நிலையில் இருந்திருப்பார். டியூஷென் அப்படி வராது. ஓடிக்கொண்டிருந்த பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக ஓட முடியாமல் போகும். தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி எழுவான். நுனிக்காலில் நடப்பான். கெண்டைக்கால் இரண்டும் சூம்பாமல், மாறாகப் பருத்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் நடை நின்றுவிடும். அந்தக் காலத்தில் பதினாறு, பதினெட்டு, இருபது வயதில் மூச்சோ இதயமோ நின்று இறந்திருப்பார்கள். சின்ன மாமாவின் வயது இதில் பொருந்துகிறது என்பதால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

அவருக்கு இருந்தது உண்மையில் டியூஷென்தான் என்றால், உங்கள் பாட்டி கேரியர், உங்கள் அம்மாவும் கேரியர், அக்காவும் கேரியர். உங்களுக்குப் பாதிக்குப் பாதி. அது நிஜமாகவே போலியோதான், அக்கா மகன்தான் குடும்பத்தில் முதல் ஆள் என்றால் கணக்கு வேறு. அக்கா கேரியராக இருக்க மூன்றில் இரண்டு பங்கு, நீங்கள் கேரியராக இருக்க ஆறில் ஒரு பங்கை ஒட்டி. இந்த எண்களை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எம்.எல்.பி.ஏ. செய்தால் எண்ணே தேவையில்லை, ஆம் அல்லது இல்லை என்று வந்துவிடும். சின்ன மாமாவைப் பற்றி நான் விசாரிக்கச் சொல்வது உங்களுக்காக மட்டும் இல்லை. உங்கள் அம்மாவுக்குச் சகோதரிகள் இருந்தால் அவர்களுக்கும் அவர்களுடைய பெண்களுக்கும் இதே கேள்வி இருக்கிறது. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்றால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

‘சொந்தத்தில் கட்டினால் கட்டாயம் வரும்’ என்று தோழி சொன்னது இந்த நோய்க்குப் பொருந்தாது. உங்கள் மாப்பிள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் வந்தது அவருடைய அம்மாவிடமிருந்து, அதாவது உங்கள் அத்தையிடமிருந்து. அவருடைய அப்பாவான உங்கள் மாமாவிடமிருந்து அவருக்கு வந்தது ஒய் குரோமோசோம். மாமாவும் இந்த வயதில் நல்லபடியாக நடமாடுகிறார் என்றால் பாட்டியின் பிழை அவருக்கு வரவில்லை, அவருடைய பெண்களுக்கும் பயமில்லை. நீங்கள் கேரியராக இருந்தால், மாமன் மகனைக் கட்டினாலும் முன்பின் தெரியாத ஊரில் கட்டினாலும் நான்கில் ஒன்று என்பது நான்கில் ஒன்றுதான். கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

ஆனால் சொந்தத் திருமணத்துக்கென்று வேறு ஒரு கணக்கு இருக்கிறது, அதை இதோடு குழப்பிக்கொள்ளாமல் தனியாகப் பாருங்கள். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் ஒரே பிழை வந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. மாமன் மகள், அத்தை மகன் உறவில் எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையோ கடுமையான மரபு நோயோ உள்ள குழந்தை பிறக்க நூற்றில் இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. இந்த உறவில் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதாவது நூற்றில் தொண்ணூற்று நான்கு பேருக்கு மேல் நல்லபடியாகவே பிறக்கிறார்கள். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் சொந்தத்தில்தான் நடக்கிறது. இதைக் கேவலமாகப் பேசுவதிலும் பயனில்லை, கண்ணை மூடிக்கொள்வதிலும் பயனில்லை. இரண்டு வீட்டிலும் காது கேளாமல் பிறந்தவர்கள், குழந்தையிலேயே காரணம் தெரியாமல் இறந்தவர்கள், மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் யாரேனும் உண்டா என்று எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். தலசீமியாவுக்கான ரத்தப் பரிசோதனையை இருவரும் செய்துகொள்ளுங்கள். ஆலோசகர் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு என்ன தேவை என்று சொல்வார்.

கல்யாணத்துக்கு முன்பா பின்பா? மரபியல் ஆலோசனையில் ‘இதைச் செய்’ என்று சொல்வது எங்கள் வேலை இல்லை. இரண்டு பக்கத்தையும் வைக்கிறேன். முன்பே தெரிந்தால் திட்டமிட நேரம் கிடைக்கும், கர்ப்பமான பிறகு ஓட வேண்டியிருக்காது. உங்கள் அக்காவுக்கு இப்போது இருக்கும் அவசரம் உங்களுக்கு இருக்காது. மறுபக்கம், கேரியர் என்று வந்தால் நிச்சயித்த கல்யாணத்தின் மேல் அந்தச் செய்தி விழும், அதை நீங்கள் தாங்கியாக வேண்டும். சில பெண்கள் கல்யாணம் முடிந்து கணவரோடு சேர்ந்து வந்து பரிசோதித்துக்கொள்கிறார்கள், அதுவரை கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதிலும் தப்பில்லை. நான் வேண்டாம் என்பது ஒன்றைத்தான்: பரிசோதிக்காமல், சி.பி.கே. நார்மல் என்ற நம்பிக்கையில், முதல் குழந்தைக்கு முயல்வது.

மாப்பிள்ளையிடம் சொல்வது பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். சொல்லிவிடுங்கள். உங்கள் மாமனார் ஆகப்போகிறவர் இறந்துபோன அந்தச் சின்ன மாமாவின் கூடப்பிறந்தவர். அந்தப் பையன் நடக்க முடியாமல் போனதையும் இறந்ததையும் உங்கள் அம்மாவைப் போலவே அவரும் பார்த்திருப்பார். அக்கா மகன் விழுந்து விழுந்து எழுவதை விசேஷ வீடுகளில் அவர்கள் பார்க்காமலா இருப்பார்கள்? நீங்கள் மறைப்பதாக நினைக்கும் விஷயத்தில் பாதி ஏற்கெனவே அந்த வீட்டில் இருக்கிறது. பெயர் மட்டும்தான் இல்லை. வெளியில் கட்டுகிறவர்களுக்குக் கூட நான் இதையே சொல்வேன், ஆனால் உங்கள் விஷயத்தில் மறைப்பதற்கு இடமே இல்லை. இன்றைக்குச் சொன்னால் அது நீங்கள் அவரை நம்பிச் சொன்ன விஷயம். குழந்தை பிறந்த பிறகு தெரிந்தால் நீங்கள் மறைத்த விஷயம்.

பெரியவர்களை வைத்துப் பந்தி போட்டுப் பேச வேண்டியதில்லை. அவரிடம் மட்டும், நீங்களே, போனில் இல்லாமல் நேரில் சொல்லுங்கள். ‘அக்கா பையனுக்கு இருப்பது தசைச்சிதைவு நோய். இது பெண்கள் வழியாக வருவது. எனக்கு இருக்கிறதா என்று இன்னும் தெரியாது, டெஸ்ட் எடுக்கப் போகிறேன். இருந்தாலும் எனக்குப் பெரும்பாலும் நோய் வராது, பிறக்கும் பையனுக்கு வரலாம். அதை முன்னாலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆலோசகரிடம் நீங்களும் வாருங்கள்.’ இவ்வளவு போதும். அவர் யோசிக்க வேண்டும் என்றால் யோசிக்கட்டும். அவர் விலகினால் வலிக்கும், அதை லேசாக எண்ணிச் சொல்லவில்லை. நாங்கள் யாரும் உங்கள் முடிவை உங்கள் அனுமதியில்லாமல் அவரிடமோ அம்மாவிடமோ சொல்ல மாட்டோம், ஆலோசகர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு உண்டு.

அம்மாவைக் குற்றம் சொல்லத் தோன்றலாம். கூடப்பிறந்தவனை இழந்தவர், பேரனுக்கும் அதே போல் ஆவதைப் பார்க்கிறார், சம்பந்தி வீட்டில் ‘உங்க வீட்டு வியாதி’ என்று கேட்கிறார். மகள் கல்யாணமாவது நடக்கட்டும் என்று வாயை மூடச் சொல்கிறார். அவரிடம் சண்டை போடாமல், அவர் உடம்பைப் பற்றிப் பேசுங்கள். கேரியர் பெண்களில் சிலருக்கு வயதாக ஆக இதயத் தசை பலவீனமாகும். அம்மா கேரியர் என்று தெரிந்தால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து, அதன் பிறகு சில வருடங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்கும், ஒருவேளை உங்களுக்கும் இதுவேதான். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அம்மா சொல்லியிருந்தால் காத்திருக்க வேண்டாம். மாமியார் சொல்வதற்கும் ஒரு பதில் இருக்கிறது: மரபணுவை யாரும் பார்த்து எடுத்துக் கொடுப்பதில்லை, கேரியர் என்று தெரியாமலே பெற்றவர் மீது என்ன குற்றம்? இதை ஆலோசகரே அக்காவின் கணவர் முன்னிலையில் சொன்னால் வீட்டில் எடுபடும். அதனால் அவரையும் அழைத்துப் போங்கள்.

நீங்கள் கேரியர் என்று முடிவு வந்தால் வழிகள் இவை. இயல்பாகக் கருத்தரித்து 11 வாரத்தில் பரிசோதிப்பது. அல்லது சோதனைக்குழாய் முறையில் கரு உருவாக்கி, பிழை இல்லாத கருவை மட்டும் கர்ப்பப்பையில் வைப்பது. இதில் கருக்கலைப்பு என்ற பேச்சு பெரும்பாலும் வராது, ஆனால் சில லட்சங்கள் ஆகும், முதல் முயற்சியிலேயே கரு தங்கும் என்ற உறுதியும் கிடையாது. தத்தெடுப்பதும் உண்டு, எதையும் பரிசோதிக்காமல் பெற்றுக்கொள்வதும் உண்டு.

பையனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஸ்டீராய்டு மாத்திரை இந்தப் பிள்ளைகளின் நடையைச் சில வருடம் நீட்டிக்கிறது, நரம்பியல் மருத்துவர் சொன்னபடி தொடர வேண்டும், தானாக நிறுத்தவே கூடாது. வருடம் ஒருமுறை எக்கோ. எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும், பல் பிடுங்க மயக்க மருந்து என்றாலும், ‘டியூஷென்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில மயக்க மருந்துகள் இவர்களுக்கு உயிராபத்து. ஸ்டெம் செல் போட்டுக் குணப்படுத்துகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள், இந்த நோய்க்கு நம் நாட்டில் அதற்கு அனுமதி இல்லை. தசைச்சிதைவு நோய் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 மாற்றுத்திறன் வகைகளில் ஒன்று, அடையாள அட்டையும் தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும் கேட்டுப் பெறலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கம் கோவை. தசைச்சிதைவு நோய்க்கான மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் செய்யும் எம்.டி.சி.ஆர்.சி. மையம் அங்கே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் மரபியல் மருத்துவத்துக்கென்று தனித் துறை உண்டு. அக்காவின் ஊசிப் பரிசோதனைக்குக் கருவறிதல் சட்டத்தில் பதிவு பெற்ற மையம் வேண்டும், எங்கே என்று ஆலோசகரே எழுதிக் கொடுப்பார். போகும்போது பையனின் மரபணு ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், அவனுடைய சி.பி.கே. முடிவு, அக்காவின் முதல் ஸ்கேன், ஆதார் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் பாட்டி தொடங்கி எல்லோரையும் எழுதுங்கள்: யார் யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் எந்த வயதில் எதனால் இறந்தார், கலைந்த கர்ப்பங்கள் எத்தனை. சின்ன மாமாவின் பழைய புகைப்படம் ஏதாவது, கால் தெரிகிற மாதிரி, வீட்டில் இருந்தால் அதையும் கொண்டு போங்கள். அம்மா தர மறுத்தால் மாமாவிடம் கேட்டுப் பாருங்கள்.